பாதியில் நின்ற ஓவியத்தைப் படிப்பது எப்படி?

ஃப்ளோரன்ஸ் நகரின் உஃபிசி அருங்காட்சியகத்தில் லியோனார்டோ டா வின்சியின் ‘ஞானிகளின் வணக்கம்’ (குழந்தை இயேசுவை ஞானிகள் வணங்கும் காட்சி) இருக்கும் அறைக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். பெயர்ப்பலகையைப் படிக்கிறார்கள், ஓவியத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்க்கிறார்கள், “இது முடிக்காததா?” என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார்கள், பிறகு வண்ணம் ததும்பும் அவருடைய இன்னொரு ஓவியமான ‘மங்கள வார்த்தை’யை நோக்கி நகர்ந்துவிடுகிறார்கள். நான் ஓவியம் கற்பிக்கிறவன். என் மாணவர்களிடம் நேர்மாறாகச் சொல்வேன்: நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றை விடுங்கள், இதன் முன்னால் நில்லுங்கள். முடிந்த ஓவியம் தான் எப்படி உருவானது என்பதை மறைத்துக்கொள்ளும். பூச்சு வேலை நடக்காத வீட்டில்தான் எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று தெரியும்.

ஆனால் வெறுமனே நின்றால் போதாது. பழுப்பு நிறக் குழப்பமாகத்தான் தெரியும். அதை எந்த வரிசையில் பார்ப்பது, எதைத் தேடுவது, வீட்டுக்கு வந்தபின் கையால் எப்படிச் செய்து பார்ப்பது என்பதை இங்கே சொல்கிறேன்.

போகும் முன்: ஒப்பந்தத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மறுமலர்ச்சிக் காலத்து மத ஓவியம் என்றால் பக்தி என்று ஆரம்பிப்பார்கள். நான் கணக்கில் ஆரம்பிப்பேன். ஃப்ளோரன்ஸ் மதிலுக்கு வெளியே இருந்த சான் தொனாதோ அ ஸ்கோப்பேத்தோ மடத்தின் அகுஸ்தினார் சபைத் துறவிகள் 1481 மார்ச்சில் தங்கள் ஆலயத்தின் முதன்மைப் பீடத்துக்காக இந்த ஓவியத்தை லியோனார்டோவிடம் ஒப்படைத்தார்கள். 24 மாதங்களில், மிஞ்சினால் 30 மாதங்களில் முடித்துத் தர வேண்டும். கூலி ரொக்கமாக இல்லை. வால்தெல்சாப் பகுதியில் ஒரு நிலத்தின் பங்கு. அந்த நிலத்தோடு ஒரு சுமையும் ஒட்டிக்கொண்டு வந்தது: ஓர் இளம்பெண்ணின் சீதனத்துக்காக 150 ஃப்ளோரின் (அக்காலப் பொற்காசு) கட்ட வேண்டும். வண்ணமும் தங்கமும் ஓவியர் தன் செலவிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். லியோனார்டோவின் தந்தை சேர் பியேரோ அந்த மடத்துக்கு நோட்டரியாக இருந்தவர் என்பதையும் சேர்த்துப் படித்தால், இந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் ஒரு குடும்பப் பேச்சுவார்த்தை இருந்திருக்கும் என்று தோன்றும்.

மடத்தின் கணக்கேட்டில் அவருக்குக் கோதுமையும் திராட்சை மதுவும் கொடுத்த பதிவுகள் இருக்கின்றன. 1481 செப்டம்பர் இறுதியோடு அவை நின்றுவிடுகின்றன. அடுத்த ஆண்டு வாக்கில் லியோனார்டோ மிலானுக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் பார்வையாளருக்கு எதற்கு? பலகையில் இருப்பவை கரி, மை, ஈய வெள்ளை, பழுப்பு போன்ற மலிவான பொருள்கள். இல்லாதவை தங்கமும் உயர்ந்த நீலமும். சொந்தக் காசில் வாங்க வேண்டிய விலையுயர்ந்த சரக்கு வரும் கட்டத்துக்கு முன்பே வேலை நின்றிருக்கிறது. அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓவியத்தில் எந்தக் கட்டம்வரை வந்திருக்கிறார் என்பதைப் பார்க்க இந்தக் கணக்கு ஒரு நல்ல அளவுகோல். “லியோனார்டோ எதையும் முடிக்காத சோம்பேறி” என்ற பேச்சில் நேரத்தை வீணாக்காதீர்கள். இந்தப் பலகையில் இருக்கும் உழைப்பைப் பார்த்த யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: பழைய புத்தகங்களில் இருக்கும் படங்களை நம்பிப் போகாதீர்கள். 2011 முதல் 2017 வரை ஃப்ளோரன்ஸின் ஒப்பிஃபிச்சோ தெல்லே பியேத்ரே தூரே மீட்பு நிறுவனம் இந்த ஓவியத்தைச் சுத்தம் செய்தது. பின்னாளில் பலர் பூசிய வார்னிஷ் மஞ்சளித்துக் கறுத்திருந்ததை அவர்கள் மெல்லியதாக்கினார்கள். அதற்கு முந்தைய படங்களில் எல்லாமே ஒரே கஷாய நிறத்தில் இருக்கும். பின்னணியில் பாதி தெரியாது.

முன்னால் நின்று: முதலில் தூரத்திலிருந்து

ஓவியம் கிட்டத்தட்டச் சதுரம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய எட்டடி. நாலைந்து மீட்டர் தள்ளி நின்று கண்களை இடுக்கிக்கொள்ளுங்கள். முகங்கள் மறைந்துவிடும், வெளிச்சமும் இருளும் மட்டும் மிஞ்சும். நடுவில் அன்னை மரியாவும் குழந்தையும், முன்னால் மண்டியிட்ட ஞானிகளும் சேர்ந்து ஒரு வெளிர் முக்கோணம். அதைச் சுற்றி அரைவட்டமாக ஓர் இருள். அந்த இருளுக்குள் நெரியும் கூட்டம்.

இதுதான் இந்த ஓவியத்தின் பெரிய செய்தி, நிதானமாகப் பாருங்கள். அக்கால ஃப்ளோரன்ஸில் வழக்கமான முறை, கோடுகளை உறுதி செய்துவிட்டு உடை, முகம், பின்னணி என்று ஒவ்வொன்றுக்கும் அதன் நிறத்தைக் கொடுத்து முடிப்பது. லியோனார்டோ இங்கே நிறத்தைப் பற்றி இன்னும் யோசிக்கவே இல்லை. பலகை முழுவதற்கும் எங்கே இருள், எங்கே வெளிச்சம் என்று முதலில் தீர்த்துக்கொள்கிறார். வெளிர் உருவங்கள் முன்னால் வருவதற்குக் காரணம் அவற்றில் வேலை அதிகம் செய்தது அல்ல. சுற்றிலும் இருளை ஏற்றியதால் அவை தாமாகவே முன்னால் வந்துவிட்டன. நடு உருவங்களில்தான் வண்ணப்பூச்சு ஏறக்குறைய இல்லவே இல்லை. முக்கியமானதைக் கடைசிக்கு விட்டிருக்கிறார்.

பிறகு கிட்டே போங்கள். கண்ணாடியில் விளக்கொளி பிரதிபலித்தால் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். மேல்பாதிக்கு ஒரு சிறிய பைனாகுலர் கொண்டுபோவது நல்லது. ஓவியத்தைப் பார்க்க பைனாகுலரா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கிட்டே போனதும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பலகையில் இடம் இடமாகப் போங்கள்: இந்த இடத்தில் எத்தனை அடுக்கு ஏறியிருக்கிறது? பாப்ளர் மரப் பலகைகளை ஒட்டி, அதன்மேல் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடித்தளப் பூச்சைப் பூசித் தேய்த்திருக்கிறார்கள். அதன்மேல் கரியில் வரைவு. அந்த வரைவைத் தூரிகையால் மை தொட்டு உறுதி செய்தல். நீர்த்த மையால் நிழல். அதற்குமேல் கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய ஈய வெள்ளைப் பூச்சு. கீழே இருக்கும் வரைவை அது மறைக்காது, எண்ணெய் வண்ணம் ஜெஸ்ஸோவுக்குள் ஊறிப்போகாமல் தடுக்கும். அதன்பிறகுதான் பழுப்பு இருள். மேலே வலப்பக்கத்தில் மோதும் குதிரைகளும் வீரர்களும் ஏறக்குறைய வெறும் வரைவாகவே நிற்கிறார்கள். நடுவில் நிற்கும் மரங்களில் இலைகள்வரை தூரிகை போயிருக்கிறது. கூட்டத்துக்குள் இருக்கும் கிழவர்களின் கன்னக்குழியிலும் கண்குழியிலும் பழுப்பு ஏறி, மண்டை ஓடு வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. ஒரே பலகையில் ஓவியத்தின் எல்லா வயதையும் பார்த்துவிடலாம்.

மனம் மாறிய இடங்களைத் தேடுங்கள்

பயணத்துக்கு முன் ஒரு படத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள்: இதே ஓவியத்தின் பின்னணிக்காக லியோனார்டோ வரைந்த பெர்ஸ்பெக்டிவ் (தூரம் தெரியும்படி வரையும் முறை) ஆய்வு வரைவு. உஃபிசியின் கைவரைவுகள் பிரிவில் இருக்கிறது, 29 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறிய தாள். தாளில் வரைந்தவை வெளிச்சத்தில் கெடும் என்பதால் அசலை அங்கே சுவரில் எதிர்பார்க்காதீர்கள். அந்தத் தாளில் தரை முழுவதும் அளவுகோல் வைத்து இழுத்த நெருக்கமான கோட்டு வலை, எல்லாம் ஒரு புள்ளியை நோக்கி ஓடுகின்றன. அந்தக் கறாரான வலைக்குள் துள்ளும் குதிரைகளும், நிர்வாணமாக ஓடும் ஆட்களும், முன்னால் படுத்திருக்கும் ஓர் ஒட்டகமும் கைபோன போக்கில் வரையப்பட்டிருக்கின்றன.

அச்சுப் படத்தையும் ஓவியத்தையும் மாறி மாறிப் பாருங்கள். தாளில் தொழுவத்துக்கு ஒரு பெரிய கூரை இருக்கிறது. பலகையில் அது போய்விட்டது. ஒட்டகமும் போய்விட்டது. பாழடைந்த படிக்கட்டுகள் மட்டும் தங்கிவிட்டன, அவற்றின் மேல் சிறிய ஆட்கள். சுத்தம் செய்தபின் பார்த்தால், இடிந்த கட்டடத்தைச் சிலர் திரும்பக் கட்டிக்கொண்டிருப்பது தெரியும். கிறிஸ்து பிறந்ததும் பழைய உலகம் இடிந்து புதிது எழுகிறது என்று வேதம் படித்தவர்கள் விளக்கம் சொல்வார்கள். அது சரியாகவே இருக்கலாம். எனக்கு அதைவிட, கூரையை எடுத்துவிட்டால் கூட்டம் எங்கே ஒதுங்கும் என்ற சிக்கலை அவர் எப்படித் தீர்த்தார் என்பதே சுவாரஸ்யம். கூரை இருந்த இடத்தில் ஒரு மரம். பிள்ளைக்கும் தாய்க்கும் மேலே ஒரு மேட்டில் அது நிற்கிறது. முக்கோணத்தின் உச்சியைப் பிடித்துக்கொள்கிறது. கட்டடம் செய்ய வேண்டிய வேலையை மரம் செய்கிறது.

சிறிய மாற்றங்களும் உண்டு. குதிரைகளின் கால்களையும் தலைகளையும் உற்றுப் பாருங்கள்: ஒரே உடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் தெரியும் இடங்கள் உண்டு. அழிப்பதற்குப் பதில் மேலேயே வரைந்துகொண்டு போகிறார். என் மாணவர்கள் அழிப்பானை அதிகம் பிடிப்பவர்கள். அவர்களுக்கு இந்த மூலையை மட்டும் காட்டினால் போதும்.

வலது ஓரத்தில் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கும் இளைஞன் லியோனார்டோதான் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

அதே உஃபிசியில் ஃபிலிப்பீனோ லிப்பியின் ‘ஞானிகளின் வணக்க’மும் இருக்கிறது. காத்துக் காத்துச் சலித்த துறவிகள் வேறு ஓவியரைப் பிடித்து, 1496இல் வாங்கிக்கொண்டது அதுதான். அளவு ஏறக்குறைய அதேதான். தொழுவம் இருக்கிறது, ஃப்ளோரன்ஸில் அதிகாரம் செலுத்திய மெதிச்சிக் குடும்பத்து முகங்கள் இருக்கின்றன, வண்ணம் எல்லாம் இருக்கிறது. நல்ல ஓவியம். அதில் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று வெறும் கண்ணால் சொல்ல முயன்று பாருங்கள், முடியாது.

முடிவுறாமையிலும் இரண்டு வகை

லண்டன் நேஷனல் கேலரிக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் (நுழைவு இலவசம்), மிக்கேலாஞ்சலோவின் ‘அடக்கம்’ (இயேசுவின் உடலை அடக்கம் செய்யக் கொண்டுபோகும் காட்சி) முன்னால் இதே கேள்வியைக் கேளுங்கள். பதில் வேறாக வரும். ரோமின் சாந்த் அகோஸ்தினோ ஆலயத்துக்காக 1500 வாக்கில் தொடங்கிய பலகை அது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் ஃப்ளோரன்ஸுக்குத் திரும்பிவிட்டார். அங்கே ‘தாவீது’ சிலைக்கான பளிங்குக்கல் காத்திருந்தது.

லியோனார்டோ பலகை முழுவதையும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறவர். மிக்கேலாஞ்சலோ ஓர் உருவத்தை எடுத்தால் அதை ஏறக்குறைய முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர். ஈரச் சுவரில் அன்றன்றைய பகுதியை அன்றன்றே தீட்டும் பழக்கம் உள்ளவர்களின் வழி அது. அதனால் ‘அடக்க’த்தில் ஆரஞ்சு உடை அணிந்தவர் திடமாக நிற்கும்போது, வலது கீழ் மூலையில் ஒரு பெரிய வெற்றிடம், ஆள் வடிவில். அங்கே மண்டியிட்ட அன்னை மரியா வர வேண்டும். மரியாவுக்கு நீல மேலாடை. நீலமென்றால் ஆஃப்கானிஸ்தானத்தின் பதக்ஷான் மலையிலிருந்து கடலும் நிலமும் தாண்டி வந்த லாபிஸ் லாசுலிக் கல்லை அரைத்தது. அந்தச் சரக்கு வந்து சேராததால் இடம் காலியாக நின்றது என்று கருதுகிறவர்கள் உண்டு.

அதே அருங்காட்சியகத்தில் ‘மான்செஸ்டர் மடோனா’ என்று அழைக்கப்படும் அவருடைய இன்னொரு பலகையும் இருக்கிறது. 1857இல் மான்செஸ்டரில் நடந்த பெரிய கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டதால் அந்தப் பெயர். அதில் இடப்பக்கத்து இரண்டு தேவதூதர்களை மட்டும் பாருங்கள், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். முகமும் தோளும் பச்சை! நோய் ஏதுமில்லை, தோலின் இளஞ்சிவப்புக்குக் கீழே பச்சை மண் நிறத்தை முதலில் பூசுவது இத்தாலியில் நூற்றாண்டுகளாக இருந்த வழக்கம். மேலே சிவப்பு ஏறும்போது அந்தப் பச்சை நிழலில் எட்டிப் பார்த்து, தோலுக்கு உயிர் கொடுக்கும். முடிந்த ஓவியங்களில் அது அடியில் ஒளிந்திருக்கும்; இங்கே நேராகவே பார்க்கலாம்.

வத்திக்கானின் பினக்கோத்தேக்கா ஓவியக்கூடத்துக்குப் போகிறவர்கள் லியோனார்டோவின் ‘புனித எரோணிமுஸ்’ பலகையைத் தவறவிட வேண்டாம். வால்நட் (அக்ரூட்) மரப் பலகை, ஒரு மீட்டரைவிடச் சற்று உயரம். துறவியின் தலை, கழுத்து, தோள்பட்டை ஆகியவை உடற்கூறு பாடமாக விரிந்திருக்க, முன்னால் கிடக்கும் சிங்கம் வெறும் புறக்கோடு. எப்போதோ யாரோ இந்தப் பலகையை அறுத்துத் தலையைத் தனியே எடுத்திருக்கிறார்கள். ஒட்டிய கோடுகளைத் தேடினால் கிடைக்கும். மேலே இடப்பக்கத்தில் வானத்தில் லியோனார்டோ ஈர வண்ணத்தை விரல்களால் ஒற்றியெடுத்த தடங்கள் உள்ளன. தூரிகை இருந்தும் விரலைப் பயன்படுத்தினார். கீழே சொல்லும் பயிற்சியில் நீங்களும் தயங்காமல் பயன்படுத்தலாம்.

வீட்டில்: அந்த அடுக்குகளைக் கையால் செய்து பாருங்கள்

முழு ஓவியத்தை நகலெடுக்கப் புறப்படாதீர்கள். ‘ஞானிகளின் வணக்க’த்திலிருந்து ஒரே ஒரு தலை, திரும்பும் கழுத்தோடு. கூட்டத்துக்குள் இருக்கும் கிழவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இளம் முகங்களில் நிழல் மிக மெல்லியது, தொடக்கத்தில் கை பழகாது.

30க்கு 40 சென்டிமீட்டர் அளவில் வழவழப்பான ஒட்டுப்பலகை ஒன்று போதும். அக்காலத்தில் ஜெஸ்ஸோ என்றால் தோலைக் காய்ச்சிய பசையில் கலந்த வெள்ளைத் தூள். இன்று டப்பாவில் கிடைக்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோவில் தொடங்குவதில் தவறில்லை. நான்கைந்து மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்காக. நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். தூசியை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வரைவதற்கு வில்லோ மரக் கரி. அதை ஒரு நீண்ட குச்சியின் முனையில் கட்டிக்கொள்ளுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1400 வாக்கில் சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் எழுதிவைத்த தொழில் குறிப்புகளிலேயே இருக்கிறது. குச்சி நீளமானால் விரல் வேலை செய்யாது, தோள் வேலை செய்யும். பலகையிலிருந்து தள்ளி நிற்பதால் முழுவதும் கண்ணில் படும். கோடு தவறினால் அடுத்த கோட்டைப் பக்கத்திலேயே போடுங்கள். எந்தக் கோடு சரி என்று தெரிந்தபின் கோழி இறகால் லேசாகத் தட்டினால் கரித்தூள் உதிர்ந்து மங்கலான தடம் மட்டும் மிஞ்சும். அந்தத் தடத்தின் மேல் நுனி கூர்ந்த தூரிகையால் நீர்த்த மைக்கோடு. பிறகு அதே மையை இன்னும் நீர்த்து, நிழல் விழும் பக்கத்தில் மட்டும் ஒரு கழுவல். அடுத்த பூச்சுக்கு அக்ரிலிக் வெள்ளையைப் பயன்படுத்துவதானால் மை காய்ந்தபின் நீரில் கரையாத வகையாக இருக்கட்டும்; இல்லையென்றால் எல்லாம் கலங்கிவிடும்.

இப்போது வெள்ளைப் பூச்சு. பயிற்சி முழுவதிலும் இதுதான் கடினம், இதில்தான் இந்த முறையின் உயிரும் இருக்கிறது. லியோனார்டோ பூசியது ஈய வெள்ளை. அது இயல்பாகவே சற்று ஊடுருவித் தெரியும். ஆனால் ஈயம் நஞ்சு, புதியவர்கள் தொட வேண்டாம். டைட்டானியம் வெள்ளை எண்ணெய் வண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நன்றாக மறைக்கும் இயல்புள்ளது என்பதால் தூரிகையால் பூசினால் உங்கள் வரைவு காணாமல் போகும். பட்டாணி அளவு வண்ணத்தில் சில துளி ஆளிவிதை எண்ணெய் சேர்த்து, துணியில் தொட்டுப் பலகை மேல் தேயுங்கள், பிறகு சுத்தமான துணியால் பெரும்பகுதியை எடுத்துவிடுங்கள். வரைவு மெல்லிய பனிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் இன்னும் துடையுங்கள். கூடுதலாகத் துடைத்துவிட்டால் நஷ்டமில்லை. குறைவாகத் துடைத்தால் மறுபடி வரைய வேண்டிவரும். தொட்டால் ஒட்டாத அளவு காய நாள்கள் ஆகும், அவசரப்படாதீர்கள். கீழே அக்ரிலிக், மேலே எண்ணெய் என்ற வரிசை மட்டும் மாறக் கூடாது. எண்ணெய்மேல் அக்ரிலிக் பிடிக்காது.

கடைசியாகப் பழுப்பு. ‘ரா அம்பர்’ என்ற மண் நிறம் போதும். அதில் இருக்கும் மாங்கனீசு காரணமாக மற்ற எண்ணெய் வண்ணங்களைவிட வேகமாகக் காயும். இங்கே ஒரு கட்டுப்பாடு: முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். முகத்துக்குப் பின்னால் இருக்கும் இருளை முதலில் ஏற்றுங்கள். கன்னத்தின் விளிம்பு அந்த இருளோடு மோதும்போது, நீங்கள் தொடாமலேயே கன்னம் முன்னால் வரும். அதன்பிறகு கண்குழி, மூக்கின் அடி, தாடையின் கீழ். அங்கெல்லாம் மெல்லிய பழுப்பை வைத்து, விளிம்பை விரல் நுனியால் ஒற்றிக் கரையுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் எதுவும் வைக்காதீர்கள். அங்கே வெளிச்சம் என்பது கீழே தெரியும் வெள்ளைதான்.

பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தில் உதட்டுக்குச் சிவப்பு எடுக்கிறார்கள். எடுக்காதீர்கள். வேண்டுமானால் இரண்டாவது பலகை ஒன்றைத் தயார் செய்து அதில் வண்ணம்வரை போங்கள். முதல் பலகை இப்படியே இருந்தால்தான், இரண்டாவதில் வண்ணம் எதையெல்லாம் மூடியது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

வேலை முடிந்ததும் எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கி மூலையில் போட்டுவிட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும். குவியலுக்குள் அது வெளியேற வழியில்லாமல் துணி தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே விரித்து வெளியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.